பாக் குத்தும் கைக்கு எதைக் கட்டுவது: துணி ராப், ஜெல் ராப், கோஸ், கையுறை ஓர் ஒப்பீடு

கையில் சுற்றும் ராப் மட்டும் போதுமா, கையுறை மட்டும் போதுமா? சுற்ற நேரமில்லை, ஜெல் ராப் வாங்கினால் சரிவருமா? கையுறை 12 அவுன்ஸா, 16 அவுன்ஸா? கொழும்பில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குத் தொங்கவிடும் பாக்கைக் குத்தத் தொடங்கும் ஆக்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றைத்தான். அனேகர் கையுறைக்குப் பெருந்தொகையை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய காசில் கிடைத்த ராப்பை வாங்குகிறார்கள். எங்கள் ஆலோசனை வேறு. எலும்பைக் காப்பது துணிக்கட்டு. கையுறை அதன்மேல் வரும் அடுத்த அடுக்கு. இரண்டுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது பாக்குக்குள் என்ன இருக்கிறது என்பதை. காசையும் கவனத்தையும் இந்த வரிசையில் செலவிட்டால் கை தப்பும்.

## கையில் எது, ஏன் முறிகிறது

உள்ளங்கைக்குள் விரலுக்கு ஒன்றாக ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்குமான இரண்டும் மணிக்கட்டோடு கிட்டத்தட்ட அசைவில்லாமல் இறுகியவை. மோதிரவிரல், சின்னவிரல் எலும்புகள் அடியில் அசையும். சின்னவிரலுடையது 25 பாகை அளவுக்குக்கூட மடங்கும். குத்து முதல் இரண்டு மொளிகளில் (பொத்தும்போது புடைக்கும் விரலடி மூட்டுகளில்) விழுந்தால் விசை நேரே முன்னங்கை எலும்புகளுக்குப் போய்விடும். கடைசி இரண்டு மொளிகளில் விழுந்தால் சின்னவிரல் எலும்பு மொளிக்குச் சற்றுக் கீழே, அதன் கழுத்தில், வளைந்து முறியும். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் பழகிய குத்துச்சண்டை வீரரைவிட, பழகாதவருக்கும் களைத்துப்போய் ஹூக்கை, அதாவது பக்கவாட்டுக் குத்தை, அகல வீசுபவருக்கும்தான் இது அதிகம் நேர்கிறது.

மணிக்கட்டு சேதமாவது வேறு வழியில். ஊசலாடித் திரும்பி வரும் பாக்கை எதிர்கொண்டு குத்தும்போது, மணிக்கட்டு ஒரு கணம் உள்ளே மடிந்தாலே போதும். குத்தின் விசையும் பாக்கின் எடையும் சேர்ந்து அந்த மடிப்பில் இறங்கும். பெருவிரல், பொத்திய முட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போது பாக்கில் கொழுவித் திருகும்.

மொளியில் தோல் உரிவதை எல்லாரும் பெரிதாக நினைப்பார்கள், ஆனால் அது ஒரு கிழமையில் ஆறும். அதே மொளிக்கு மேலே, விரலை நிமிர்த்தும் தசைநாணை நடுவில் பிடித்துவைத்திருக்கும் சவ்வு கிழிந்தால் அப்படி ஆறாது. வீக்கம் வாரக்கணக்கில் வற்றாமல் நிற்கும், விரலை நிமிர்த்தும்போது தசைநாண் ஒரு பக்கமாக நழுவுவது கையால் தொட்டாலே தெரியும். சத்திரசிகிச்சை வரை போகக்கூடிய காயம் இது.

## எதை வைத்து மட்டுக்கட்டுவது

ஒவ்வொரு தெரிவையும் இந்தக் கேள்விகளில் நிறுத்திப் பாருங்கள்:

- உள்ளங்கை எலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறதா?
- மணிக்கட்டு மடிவதைத் தடுக்கிறதா?
- பெருவிரலைப் பூட்டுகிறதா?
- மொளிக்கு மெத்தை இருக்கிறதா?
- தனியாளாக, மற்றவர் உதவி இல்லாமல் போடலாமா?
- அடுத்த பயிற்சிக்கு முன் காயுமா?
- ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவு தின்னும்?

காய்வது பற்றிய கேள்வியைக் குளிர்நாட்டு வழிகாட்டிகள் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடும். கொழும்பில் சராசரி ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேல். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் இருப்பவருக்கு, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், ஒரு துவாயே ஒரு நாளில் காயாது. உள்ளே ஸ்பொன்ஞ் வைத்துத் தைத்த சாமான் எப்படிக் காயும்? ஆகவே இங்கே இந்தக் கேள்விக்கு முன்வரிசை கொடுக்கவேண்டும்.

## முதலில் பாக்கைத் தட்டிப் பாருங்கள்

மணல் நிரப்பிய பாக்கில் குத்தினால் எந்த ராப்பும் எந்தக் கையுறையும் போதாது. மணல் சில மாதங்களில் அடியில் இறங்கி இறுகிவிடும். மேல் பாதி தொய்ந்திருக்கும், கீழ்ப் பாதி சுவராக நிற்கும். வயிற்றுக்கு அடிக்கும் ஹூக்கும், கீழிருந்து மேலே குத்தும் அப்பர்கட்டும் அந்தச் சுவரில்தான் விழும்.

பார்க்கும் முறை சுலபம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூன்று உயரங்களில் தள்ளி அழுத்துங்கள்: உங்கள் மூக்கு மட்டம், நெஞ்சு மட்டம், இடுப்பு மட்டம். மூன்றிலும் 2 முதல் 3 சென்ரிமீற்றராவது உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். இடுப்பு மட்டத்தில் கை உள்ளே போகவே இல்லையென்றால் பாக்கைக் கழற்றி, கொட்டி, புதிதாக நிரப்புங்கள்.

நிரப்புவதற்குத் தையல் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் நல்லவை. பழைய உடுப்புப் போடுவதென்றால் சிப், பொத்தான், ஊக்கு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு ஜீன்ஸ் பொத்தான் ஓரத்துக்கு வந்துவிட்டால் அது மொளியைத்தான் தேடும். 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு தடவை நிரப்பி, தடித்த தடியால் இடித்து, பிறகு அடுத்த படை. எடை போதாவிட்டால் மணலை ஒரு கிலோ, இரண்டு கிலோப் பொதிகளாக இரட்டைப் பொலித்தீனில் கட்டி, பிளாஸ்டர் சுற்றி, பாக்கின் நட்ட நடுவில் மட்டும், வெவ்வேறு உயரங்களில் வையுங்கள். சுற்றிவர நாலாபக்கமும் துணி இருக்கவேண்டும். உங்கள் உடல் எடையில் பாதி என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவு. 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ. அதைவிட மிகவும் எடை குறைந்த பாக் அதிகம் ஆடும். ஆடும் பாக்கில் மணிக்கட்டுக் காயம் கூடும்.

## உள்ளே கட்டுவது

### இழுபடாத பருத்தி ராப்

சாதாரணப் பருத்தி நெசவு. அகலம் 5 சென்ரிமீற்றர், நீளம் 2.7 மீற்றரிலிருந்து 4.5 மீற்றர் வரை. விலை குறைவு, தோலுக்கு இதம். மணிக்கட்டை இது இறுகப் பிடிப்பதுபோல இழுபடும் துணி பிடிக்காது.

குறை என்னவென்றால் சுற்றும் கைக்குப் பழக்கம் வேண்டும். துணி இழுபடாததால் ஒரு சுற்று தளர்ந்தால் அது தளர்ந்தபடியே இருக்கும். மூன்றாம் ரவுண்டில் மொளிக்கு மேலிருந்து நழுவி உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். சுருண்ட துணியைப் பொத்திக்கொண்டு குத்தினால் முட்டி முழுதாக மூடாது. அதோடு தடித்த பருத்தி வியர்வையை நன்றாகக் குடித்துவிட்டு மெல்லத்தான் விடும்.

மணிக்கட்டில் பழைய சுளுக்கு உள்ளவர், சுற்றிப் பழகிய கைக்காரர், இழுபடும் ராப்பில் உள்ள செயற்கை நூலால் தோலில் அரிப்பு வருபவர்: இவர்களுக்கு இதுவே முதல் தெரிவு.

### பாதி இழுபடும் ராப், 4.5 மீற்றர்

மெக்சிக்கன் ராப் என்று கடைகளில் கேட்டால் இதைத் தருவார்கள். பருத்தியோடு நைலோன் அல்லது இலாஸ்டிக் நூல் கலந்திருக்கும். கையின் வளைவுகளில் தானாகவே படிந்து நிற்கும். ஒரு சுற்று கொஞ்சம் பிசகினாலும் துணி அதைச் சரிக்கட்டிவிடும். கழுவிப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே கொழுவினால் தடித்த பருத்தியைவிட முந்திக் காயும். தொடங்குபவர் பெரும்பாலானோருக்கு இதையே சொல்வோம்.

இதன் ஆபத்தும் அந்த இழுவிசைதான். துணியை முழுக்க இழுத்து இழுத்துச் சுற்றினால், அது சுருங்கத் தேடும். ஐந்து நிமிடத்தில் விரல் நுனி விறைக்கும். முழு இழுவையில் பாதியளவு இழுத்தால் போதும். சுடுதண்ணீரும் உலர்த்தும் இயந்திரமும் இலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். இலாஸ்டிக் செத்த ராப்பைக் கண்டுபிடிக்க, ஒரு முழ நீளத்தை இழுத்து விட்டுப் பாருங்கள். அலையலையாகத் தொங்கினால் அதன் காலம் முடிந்தது.

வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். உறையில் அங்குலத்தில் போட்டிருக்கும்: 180 அங்குலம் என்றால் ஏறத்தாழ 4.5 மீற்றர். 108, 120 அங்குல ராப்புகள் விலை குறைவாகத் தெரியும். வளர்ந்தவர் கையில் அவை மொளிக்கோ மணிக்கட்டுக்கோ போதாமல் வரும். எதைக் குறைப்பது என்று நீங்கள்தான் தெரிவுசெய்யவேண்டியிருக்கும். 13, 14 வயதுப் பிள்ளைகளின் சின்னக் கைக்கு 120 அங்குலம் சரி.

### ஜெல் ராப்

விரல் வெட்டிய மெல்லிய கையுறை. மொளிக்கு மேல் ஜெல் அல்லது ஸ்பொன்ஞ் தட்டு, மணிக்கட்டில் சுற்ற ஒரு வார். அரை நிமிடத்தில் போட்டுவிடலாம். இதைவிட வேறு எதையும் இவ்வளவு ஆசையோடு கேட்பதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மொளிக்கு மெத்தை தருவதில் இது துணி ராப்பை வெல்லும். ஆனால் முறிவுக்குக் காரணம் மொளியில் மெத்தை இல்லாதது மட்டுமல்ல. எலும்புகள் தனித்தனியாக அசைவதும்தான். ஜெல் ராப்பில் விரல்களுக்கிடையே குறுக்காகப் போகும் துணி இல்லை. உள்ளங்கையைச் சுற்றி இறுக்கும் சுற்றுகளும் இல்லை. கை எந்த அளவோ அதற்குத் தைத்த அளவு பொருந்தவேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்றில் உங்கள் கை இரண்டுக்கு நடுவில் விழுந்தால், ஜெல் தட்டு முதல் ரவுண்டிலேயே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மணிக்கட்டு வார் குட்டையாக இருக்கும் வகைகளில் மணிக்கட்டுக்குக் கிடைப்பது பெயரளவுப் பிடிதான். வாங்கத்தான் வேண்டுமென்றால் வார் 75 சென்ரிமீற்றராவது நீண்டு, மணிக்கட்டை மூன்று நாலு தடவை சுற்றுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மறைந்த செலவு காயாமை. ஜெல் தட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈரம் ஒரு இரவில் போகாது. ஒரு சோடியை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த நாள் குத்துபவர் ஈரக் கையுறைக்குள் ஈரக் கையைத்தான் நுழைக்கிறார். இரண்டு சோடி வாங்கினால் அந்தக் காசுக்கு நல்ல துணி ராப் மூன்று, நாலு சோடி வந்துவிடும். ஜெல் தட்டுக் கிழிந்தால் தைக்க வழியில்லை.

கிழமைக்கு ஒருமுறை, கால்மணி நேரம், மெல்லிய விசையில், உடற்பயிற்சிக்காகக் குத்துபவருக்கு இது போதும். மொளித் தோல் ஆறிக்கொண்டிருக்கும் நாட்களில், துணி ராப்பை முழுதாகக் கட்டி, இடம் இருந்தால் அதன்மேல் மொளிக்கு மட்டும் தனி ஜெல் தட்டு வைப்பதும் நல்ல வழி.

### கோஸும் பிளாஸ்டரும்

போட்டிக்காரர் கட்டும் கட்டு. காயத்துக்குக் கட்டும் மென்மையான வலைத்துணியான கோஸை மொளிக்கு மேல் பல மடிப்பாக வைத்து, சுற்றி, நாகவொட்சைட்டுப் பிளாஸ்டரால் விரல்களுக்கிடையிலும் மணிக்கட்டிலும் பூட்டுவது. சரியாகக் கட்டினால் இதற்கு இணையான பிடி வேறெதிலும் இல்லை. ஆனால் ஒரு கைக்கு ஒரு சுருள் கோஸும் 2 மீற்றருக்கு மேல் பிளாஸ்டரும் போகும், அத்தனையும் ஒரு தடவைக்குத்தான். மற்றவர் ஒருவர் கட்டிவிடவேண்டும். தினமும் பாக் குத்துவதற்கு இது கட்டுப்படியாகாது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு: துணி ராப் கட்டி முடித்த பின் 2.5 சென்ரிமீற்றர் பிளாஸ்டரை மணிக்கட்டில் வெல்க்ரோவுக்கு மேல் ஒரு சுற்று ஒட்டுவது. பழைய ராப்பில் வெல்க்ரோ நூல் அடைத்துப் பிடிக்காமல் போனால் இது பல மாதங்களுக்குக் கைகொடுக்கும்.

### பார்மசி கிரேப் பண்டேஜ்

எங்கும் கிடைக்கும், ஆகவே பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாம். கிரேப் பண்டேஜ் வீக்கத்தை அமுக்கச் செய்தது. அளவுக்கு மீறி இழுபடும். இறுக்கினால் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும், தளர்த்தினால் எதையும் பிடிக்காது. நடுவில் ஒரு சரியான நிலை இதற்கு இல்லை. கையில் காசே இல்லையென்றால், புறக்கோட்டைத் துணிக்கடையில் இழுபடாத பருத்தி எடுத்து, துணியின் நீளவாக்கில் 5 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு முனையில் பெருவிரலுக்குக் கண்ணியும் மறுமுனையில் வெல்க்ரோவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தையல்காரர் சிறிது நேரத்தில் செய்து தருவார், கடை ராப்புக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

| | எலும்புகளைச் சேர்த்துப் பிடித்தல் | மணிக்கட்டு | மொளிக்கு மெத்தை | தனியாகப் போடுதல் | காய்தல் |
|---|---|---|---|---|---|
| பருத்தி ராப் 4.5 மீ | நன்று | மிக நன்று | மடித்து வைத்தால் நன்று | பழகவேண்டும் | மெதுவாக |
| பாதி இழுபடும் ராப் 4.5 மீ | மிக நன்று | நன்று | மடித்து வைத்தால் நன்று | சுலபம் | ஓரளவு விரைவாக |
| ஜெல் ராப் | குறைவு | வாரைப் பொறுத்தது | மிக நன்று | மிகச் சுலபம் | மிக மெதுவாக |
| கோஸ், பிளாஸ்டர் | மிக மிக நன்று | மிக மிக நன்று | மிக நன்று | முடியாது | தேவையில்லை, வீசிவிடுவது |
| கிரேப் பண்டேஜ் | இல்லை | குறைவு | இல்லை | சுலபம் | விரைவாக |

## 4.5 மீற்றர் ராப்பைச் சுற்றும் முறை

நல்ல ராப்பைப் பிழையாகச் சுற்றுவதைவிட மலிவான ராப்பைச் சரியாகச் சுற்றுவது மேல். சுற்றி முடியும்வரை விரல்கள் ஐந்தும் அகல விரிந்திருக்கவேண்டும். விரலைச் சேர்த்து வைத்துச் சுற்றினால், பொத்தும்போது கை விரிந்து, கட்டு தாங்கமுடியாமல் இறுகும்.

1. கண்ணியைப் பெருவிரலில் மாட்டி, துணியைப் புறங்கைப் பக்கமாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோங்கள். உள்ளங்கைப் பக்கமாகக் கொண்டுபோனால், பொத்தும்போது கட்டுத் தளரும்.
2. மணிக்கட்டில் மூன்று சுற்று. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பாதி மூடியபடி முன்னங்கைப் பக்கம் ஏறட்டும். மூட்டுக்கு இரு பக்கமும் துணி இருந்தால்தான் மடிவது நிற்கும்.
3. புறங்கையில் குறுக்காக ஏறி, மொளிகளுக்கு மேல் மூன்று சுற்று.
4. பெருவிரல் அடியிலிருந்து தொடங்கி சின்னவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் நுழைத்து, திரும்பப் பெருவிரல் அடிக்கு. அடுத்தது மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில். அதற்கடுத்தது நடுவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில். புறங்கையில் மூன்று பெருக்கல் குறிகள் தெரியும்.
5. பெருவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, துணியை மணிக்கட்டுக்கு இறக்குங்கள். பெருவிரல் பூட்டு இதுதான். அவசரத்தில் பலர் விடுவதும் இதைத்தான்.
6. மிஞ்சிய துணியில் மொளிக்கு மேல் இரண்டு சுற்று, கடைசிச் சுற்று மணிக்கட்டில். வெல்க்ரோவை ஒட்டுங்கள்.

மொளிக்குக் கூடுதல் மெத்தை வேண்டுமானால், மணிக்கட்டுச் சுற்று முடிந்ததும் துணியை நான்கு மொளிகளின் அகலத்துக்கு முன்னும் பின்னும் நாலு மடிப்பு மடித்து மொளிமேல் வைத்து, மூன்றாம் படியின் சுற்றுகளால் அதை அமுக்கிவிடுங்கள். இதற்கு 180 அங்குலம் கட்டாயம் வேண்டும்.

பொத்தினால் இறுக்கமாகவும் விரித்தால் இலேசாகவும் இருக்கவேண்டும். ஒரு நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்காவிட்டால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள்.

## மேலே போடுவது

ராப் இல்லாமல் கையுறை மட்டும் போடுவது தொடக்கக்காரர் செய்யும் பெரிய பிழை. உள்ளே இடம் இருப்பதால் கை வழுக்கும், முட்டி முழுதாக மூடாது, மணிக்கட்டு கையுறைக்குள்ளேயே மடியும். மெத்தை தரும் துணிவில் இன்னும் பலமாக வேறு குத்துவார்கள். கையுறை இல்லாமல் ராப் மட்டும் என்றால், நுட்பம் பழகுவதற்கு மெல்லத் தொட்டு அடிப்பதற்குச் சரி. பலத்த அடிக்கு மொளியில் மெத்தை போதாது.

### மெல்லிய பாக் கையுறை

ஸ்பொன்ஞ் மெலிது, எடை குறைவு, மலிவு. குத்து விழும் இடம் கையில் நன்றாகத் தெரியும் என்பதற்காகப் பழகியவர்கள் விரும்புவார்கள். பெருவிரலுக்குத் தனி உறை இல்லாத வகைகளும் உண்டு; அவற்றைத் தவிருங்கள். ஒரு வருடமாவது சுத்தமாகக் குத்திப் பழகியவருக்கு, மென்மையான பாக்கில், வேகத்துக்கான ரவுண்டுகளுக்கு இது பொருந்தும். 4 அவுன்ஸ் எம்எம்ஏ (கலப்புச் சண்டை) கையுறையையும் இதே வகையில் சேர்க்கலாம். தொடர்ந்து பத்து ரவுண்டு கனமான பாக் குத்துவதற்கு அதைச் செய்யவில்லை.

### 12, 14, 16 அவுன்ஸ் பயிற்சிக் கையுறை

அவுன்ஸ் என்பது ஒரு கையுறையின் எடை. 12 அவுன்ஸ் ஏறத்தாழ 340 கிராம், 16 அவுன்ஸ் ஏறத்தாழ 450 கிராம். எடை கூடினால் மெத்தை பொதுவாகக் கூடும், உள்ளே கைக்கான இடமும் கூடும். சின்னக் கைக்காரர் பாதுகாப்பு என்று நினைத்து 16 அவுன்ஸ் வாங்கினால், கை உள்ளே ஆடி, போட்ட காசு வீண். பாக்குக்கு மட்டும் என்றால் 55 கிலோவுக்குக் கீழ் 10 அல்லது 12, 55 முதல் 70 கிலோ வரை 12 அல்லது 14, அதற்கு மேல் 14 அல்லது 16 என்று தொடங்கி, கையில் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கடைக்கு ராப்பைக் கொண்டுபோங்கள். கட்டிக்கொண்டு போட்டால் விரல் நுனி மேல் தையலைத் தொடவேண்டும், முட்டி சிரமமில்லாமல் மூடவேண்டும். பிறகு பெருவிரலால் கையுறையின் மொளிப் பகுதியை வெளியிலிருந்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் உங்கள் மொளி கைக்குத் தட்டுப்பட்டால் ஸ்பொன்ஞ் மட்டமானது. எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். உலகில் விற்கும் குத்துச்சண்டைக் கையுறைகளில் பல பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுபவை. ஒரே நகரத்திலிருந்து மிக நல்லதும் மிக மட்டமும் வருகின்றன. ஆகவே நாட்டையும் பெயரையும் விட உங்கள் பெருவிரல் சொல்வதை நம்புங்கள். தாய்லாந்துக் கையுறைகள் சில, அந்நாட்டுக் குத்துச்சண்டையில் எதிராளியைப் பிடித்து மல்லுக்கட்ட வசதியாக மணிக்கட்டில் குட்டையாக இருக்கும். தோல் தரமாக இருக்கும். பாக் மட்டும் குத்துபவருக்கு நீண்ட மணிக்கட்டுப் பட்டி உள்ளது பொருத்தம்.

கயிறு கட்டும் கையுறை மணிக்கட்டை நன்றாகப் பிடிக்கும். வீட்டில் தனியாகக் குத்துபவருக்குக் கட்டிவிட ஆள் இல்லை. வெல்க்ரோவே வாங்குங்கள், பட்டி அகலமாக இருக்கட்டும்.

தோலா, ரெக்சினா? ரெக்சின் மலிவு. ஆனால் கொழும்பின் வெக்கையிலும் ஈரத்திலும் அதன் மேற்படை சிதைந்து செதில் செதிலாக உரியும். பாவிக்காமல் அலுமாரிக்குள் வைத்தாலும் உரியும். தோல் அப்படி உரியாது, ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். கிழமையில் மூன்று நாளுக்கு மேல் குத்துபவருக்குத் தோல் கையுறை நாளடைவில் மலிவாக முடியும். விட்டுவிட்டுக் குத்துபவருக்கு ரெக்சின் போதும்.

இன்னொரு மறைந்த செலவு: பாக் குத்திய கையுறையை ஸ்பாரிங்குக்கு (எதிரே ஆளை நிறுத்திப் பழகும் சண்டைக்கு) போடக்கூடாது. பாக் ஸ்பொன்ஞ்சை மொளிப் பக்கம் அமுக்கிச் சப்பையாக்கிவிடும், எதிரே நிற்பவரின் முகத்துக்கு அது தெரியும். ஸ்பாரிங் செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டு சோடிக்குக் கணக்குப் போடுங்கள்.

ஜிம்மில் பொதுவாக மாட்டியிருக்கும் கையுறையைப் போடவேண்டி வந்தால் ராப் கட்டாமல் கையை நுழைக்காதீர்கள். படர்தாமரை பரவ அதைவிட வசதியான இடம் கிடையாது.

## காய வைப்பது

ராப்பை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கழுவுங்கள். வெல்க்ரோவை மூடி, வலைப்பைக்குள் போட்டுக் கழுவினால் முடிச்சு விழாது. துணி மென்மையாக்கி ஊற்றவேண்டாம். இரண்டு சோடி இருந்தால் கிழமையில் மூன்று நாளுக்குப் போதும், ஐந்து நாளுக்கு மூன்று சோடி வேண்டும்.

கையுறையை முழுக்கத் திறந்து, உள்ளே துடைத்து, பழைய வீரகேசரித் தாளைக் கசக்கி விரல் நுனி வரை திணித்து, அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள். தாளை இரவு முழுதும் விட்டால் குடித்த ஈரத்தோடு அங்கேயே கிடக்கும். பிறகு கையுறையின் வாய் ஃபேனைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், ரெக்சின் இன்னும் விரைவில் உரியும். காரின் டிக்கியில் பையோடு விட்டுப் போவது எல்லாவற்றிலும் கெடுதி. பூஞ்சணப் புள்ளி தெரிந்தால் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள்.

## யாருக்கு எது

புதிதாகத் தொடங்குபவர், கிழமையில் மூன்று நாள்: பாதி இழுபடும் 180 அங்குல ராப் இரண்டு சோடி, எடைக்கேற்ற வெல்க்ரோ கையுறை ஒரு சோடி. காசு இருக்கும் அளவில் முதலில் பாக்கைத் திருத்துவது, பிறகு ராப், அதற்குப் பிறகே கையுறையின் தரத்தைக் கூட்டுவது. முதல் இரண்டு கிழமை பாதி விசையில் மூன்று நிமிட ரவுண்டு மூன்றோடு நிறுத்துங்கள்; தசை பழகும் வேகத்தில் எலும்பும் தசைநாணும் பழகுவதில்லை.

பாடசாலைக் குத்துச்சண்டை அணியில் சேர்ந்து ஸ்டப்ஸ் கேடயம் போன்ற போட்டிகளுக்குத் தயாராகும் பிள்ளை: தொடக்கத்திலிருந்தே துணி ராப். ஜெல் ராப்பில் பழகிய பிள்ளைக்குச் சுற்றத் தெரியாமல் போகும். வளரும் எலும்பு என்பதால் பாக் மென்மையாக இருக்கிறதா என்று பெற்றோர் ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்பது நல்லது.

வேலை முடிந்து வந்து தொடர்மாடி வீட்டில் கால்மணி நேரம் குத்துபவர்: ஜெல் ராப் ஆசை வருவது இங்கேதான். சுற்றப் பழகிவிட்டால் இரண்டு கைக்கும் ஐந்து நிமிடம்கூடப் போகாது; ராப்பைச் சுருட்டி வைக்கும்போது கண்ணி வெளியே வரும்படி சுருட்டினால் நேரம் இன்னும் மிஞ்சும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் ஜெல் ராப்போடு விசையைக் குறைத்துக் குத்துங்கள்.

மணிக்கட்டுப் பழைய காயக்காரர்: இழுபடாத பருத்தி, மணிக்கட்டில் மூன்றுக்குப் பதில் ஐந்து சுற்று, மேலே பிளாஸ்டர், நீண்ட பட்டியுள்ள கையுறை. பாக்கை அடியில் ஒரு கயிற்றால் நிலத்தோடு கட்டி ஊசலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் வலி வந்தால், எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். மொளி முழுவதும் பொதுவாகக் கன்றியிருந்தால் சில நாள் ஓய்வும் ஐஸும் போதும். சின்னவிரல் மொளி மற்றவற்றைவிட உள்ளே அமிழ்ந்து தெரிந்தாலோ, பொத்தும்போது அந்த விரல் மற்ற விரலுக்கு மேல் ஏறினாலோ, அன்றைக்கே தேசிய வைத்தியசாலை விபத்துச் சேவைப் பிரிவுக்கோ கிட்டிய வைத்தியசாலைக்கோ போங்கள். பெருவிரலை மேலே தூக்கும்போது அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள் அழுத்தினால் வலிப்பது மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒன்று கீறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இந்தக் கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். வைத்தியர் 10 முதல் 14 நாளில் திரும்பப் படம் எடுக்கச் சொல்வார். முதல் படம் சுத்தமாக வந்தது என்பதற்காக இடையில் அந்தக் கையால் குத்தாதீர்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, முறிவு பொருந்தாமல் நின்றுவிட்டால் மணிக்கட்டு நிரந்தரமாகப் பழுதாகும்.